மேனர் ஹவுஸும் 220 ஏக்கரும்: வாங்கலாமா என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இங்கிலாந்தில் கோட்ஸ்வோல்ட்ஸ் பக்கம், 17-ம் நூற்றாண்டில் கட்டிய மேனர் ஹவுஸ் (ஊரின் பழைய நிலப்பிரபு வீடு) ஒன்று 220 ஏக்கர் நிலம், பழைய களஞ்சியங்கள், மூன்று சிறு வீடுகளோடு 40 லட்சம் பவுண்டுக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. லண்டனில் இருக்கும் நீங்கள், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், கோவையில் இருக்கும் தம்பி மூவரும் சேர்ந்து வாங்கி, நிலத்தில் விவசாயம் செய்து, வீட்டைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டால் கட்டுபடியாகுமா என்று கேட்கிறீர்கள். விலை நியாயமா என்பது கூடுதல் கேள்வி. நான் படித்த வரையில் இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி, நிலத்தின் வருமானம் வீட்டைத் தாங்குமா என்பதுதான். தாங்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றவற்றில் எது உறுதி, எது விசாரித்தால்தான் தெரியும் என்று பிரித்துச் சொல்கிறேன். பழைய கட்டடங்களைப் பார்த்து அறிக்கை தரும் பில்டிங் சர்வேயர் வேலை என்னுடையது. சட்டமும் வரியும் இதே மாதிரி விற்பனைகளில் வக்கீல்களோடு உட்கார்ந்து தெரிந்துகொண்டவை. ஆகவே கூரையைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். வரியைப் பற்றிச் சொல்வதை உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

விலையிலிருந்தே வருவோம். இங்கிலாந்தில் உழவு நிலம், குத்தகைதாரர் யாரும் இல்லாமல் கைக்கு வருவதாக இருந்தால், ஏக்கர் சுமார் பத்தாயிரம் பவுண்டு. மண்ணைப் பொறுத்தும் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு ஆசைப்படுகிறார் என்பதைப் பொறுத்தும் கூடும், குறையும். அந்தக் கணக்கில் 220 ஏக்கருக்கே 22 லட்சம் ஆகிவிடும். அப்படியானால் வீடு, களஞ்சியம், மூன்று சிறு வீடு எல்லாம் சேர்த்து மீதி 18 லட்சம். லண்டன் பணக்காரர்கள் வார இறுதிக்கு வந்து போகும் கோட்ஸ்வோல்ட்ஸில் இது மலிவு. இந்த ஊர் ஏஜென்ட்கள் தெரியாமல் குறைத்துப் போடுகிற ஆட்கள் இல்லை. அதனால் இரண்டில் ஒன்று: நிலத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார், அல்லது வீட்டுக்கு நோய் இருக்கிறது. இரண்டுமே இருக்கவும் கூடும். எது என்று தெரிவதற்கு முன்னால் விலை நியாயமா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் நிலம். விளம்பரப் புத்தகத்தில் "குத்தகைகளுக்கு உட்பட்டு" என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். 1995 செப்டம்பர் 1-க்குப் பிறகு போட்ட குத்தகை என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய காலம் முடிந்ததும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து நிலத்தைத் திரும்ப வாங்கலாம். அதற்கு முந்தையது என்றால் 1986-ம் ஆண்டின் விவசாயக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வரும்; குத்தகைதாரரை ஆயுள் வரை அசைப்பதே கஷ்டம். அதிலும் 1984 ஜூலை 12-க்கு முந்தைய குத்தகையாக இருந்தால், தகுதியுள்ள வாரிசுக்கு இரண்டு முறை கைமாறும் உரிமையும் பொதுவாக உண்டு. அப்பா, பிள்ளை, பேரன் என்று மூன்று தலைமுறை. நம் ஊரில் பதிவு செய்த குத்தகைதாரரை எழுப்ப முடியாமல் நில உரிமையாளர்கள் கோர்ட்டுக்கு அலைந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதுவும் அதே ரகம். அப்படிப்பட்ட நிலத்துக்கு மேலே சொன்ன பத்தாயிரம் விலை கிடையாது, அதைவிட நன்றாகக் குறையும். நீங்களும் அங்கே விவசாயம் செய்யப் போவதில்லை, வாடகை வாங்கப் போகிறீர்கள். அவ்வளவுதான்.

சரி, நிலம் காலியாகவே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோட்ஸ்வோல்ட்ஸ் மண் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய போர்வை மாதிரி கிடக்கும். மழைக்காலத்தில் உழுத வயலில் நடந்து பாருங்கள், மண்ணைவிடக் கல்தான் காலில் அதிகம் இடறும். தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், வறட்சி சீக்கிரம் பிடிக்கும். ஆடும் பார்லியும் இங்கே தோதுப்பட்டதற்கு அதுதான் காரணம். இந்த வட்டாரத்துப் பெரிய வீடுகளும் தேவாலயங்களும் கம்பளிக் காசில் எழுந்தவை. இந்த மாதிரி நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் ஏக்கருக்கு ஆண்டுக்கு நூறு பவுண்டு அக்கம்பக்கம் எதிர்பார்க்கலாம். 220 ஏக்கருக்கு 22,000 பவுண்டு. போட்ட முதலுக்கு ஒரு சதவீதம். நீங்களே பயிரிட்டால் கூடுதலாகக் கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் அறுவடை இயந்திரம், டிராக்டர் எல்லாம் சொந்தமாக வைத்துக்கொள்ள 220 ஏக்கர் போதாது. கான்ட்ராக்டரிடம்தான் விட வேண்டும். அவர் கூலி, உரம், விதை போக நிற்பது கோதுமை விலையைப் பொறுத்தது. மோசமான ஆண்டில் கைக்காசு போகும்.

விற்பவர் காட்டும் கணக்குப் புத்தகத்தில் ஒரு பொறி உண்டு. அரசு மானியம் என்று ஒரு வரி இருக்கும். ஐரோப்பிய யூனியன் காலத்து ஏக்கர் மானியம் இங்கிலாந்தில் 2023-ஓடு முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக 2027 வரை தேய்ந்துகொண்டே வரும் ஒரு தொகை கொடுக்கிறார்கள். அது நிலத்தோடு ஒட்டிய தொகை இல்லை, முன்பு மானியம் வாங்கிய ஆளுக்குப் போவது. நிலத்தை நீங்கள் வாங்கினாலும் அந்தப் பணம் விற்றவருக்கே போகும். ஆகவே அந்த வரியை அடித்துவிட்டுக் கூட்டுத்தொகையைப் பாருங்கள்.

இப்போது வீடு. நீங்கள் அனுப்பிய படங்களில் முன்வாசல், தோட்டம், கணப்புள்ள பெரிய கூடம் எல்லாம் இருக்கின்றன. எனக்கு வேண்டிய படம் அதில் இல்லை. இந்தக் காலத்து வீடுகளில் அடிக்கடி இரண்டு கூரை முகடுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். நடுவில் இரண்டு சரிவும் இறங்கிச் சேரும் இடத்தில் ஈயத் தகடு வைத்த வாய்க்கால் ஒன்று ஒளிந்திருக்கும். தரையிலிருந்து பார்த்தால் தெரியாது. ஈயம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும். தகட்டை வேண்டியதைவிட நீளமாகப் போட்டிருந்தால் சில பத்தாண்டுகளில் குறுக்கே வெடிக்கும். அதோடு இலையும் காக்கைக் கூட்டுக் குச்சியும் வடிகால் வாயை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி ஈயத்துக்கு அடியில் புகுந்து, சுவருக்குள் செருகியிருக்கும் ஓக் உத்தரத்தின் முனையை நனைத்துக்கொண்டே இருக்கும். அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் உத்தரம் முந்நூறு வருஷத்துக்கும் அசையாத மாதிரி தெரியும். சுவரை ஒட்டின முனையில் ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை போய்விடும். மாடிப் படுக்கையறைகளின் மூலையில் மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால் அந்த இடத்துக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அலமாரிக்குள் செங்காவி நிறத்தில் தூசு படிந்து, காளான் வாசம் அடித்தால் அது மரத்தைத் தின்னும் உலர் பூஞ்சை. சுவருக்குள்ளே எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது காரையைப் பெயர்த்த பிறகுதான் தெரியும்.

கூரையை மாற்றுவதும் லேசான காரியம் இல்லை. இந்த வட்டாரத்துக் கல் ஓடுகளை இறவாணத்தில் பெரிதாகத் தொடங்கி முகட்டில் சிறிதாக முடிப்பார்கள். அந்தக் கல்லை வெட்டும் இடங்கள் இப்போது குறைவு. பழைய ஓட்டுக்குத் தங்க விலை. இவ்வளவு பெரிய வீட்டுக்குச் சாரமும் அதன் மேல் தற்காலிகக் கூரையும் போடுவதற்கே லட்சம் பவுண்டை நெருங்கும், ஓட்டைத் தொடுவதற்கு முன்னால். கூரைக்குள் வௌவால் இருந்தால் (பெரும்பாலும் இருக்கும்) அது சட்டப் பாதுகாப்பு உள்ள ஜீவன். கோடையில் ஆய்வு செய்து, உரிமம் வாங்கி, அது குட்டி போடும் காலத்தைத் தவிர்த்துத்தான் வேலை. அக்டோபரில் வீட்டை வாங்கினால் கூரை வேலை ஒரு வருஷம் தள்ளிப்போவது சாதாரணம். பழுதுபார்ப்புச் செலவு முழுவதற்கும் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. அரசு அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு மட்டும் முன்பு விலக்கு இருந்தது, அதையும் 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள்.

சுவர்களைப் பார்க்கும்போது கல்லுக்கு நடுவில் உள்ள சாந்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கடினமாக இருந்தால் சிமென்ட். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட, ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்த்து கல்லின் முகமே பொரிந்து உதிரும். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசிவிட்டு, ஏன் உப்புப் பூக்கிறது என்று தலையைச் சொறிகிறார்களே, அதே வினைதான். சரிசெய்யலாம், ஆனால் நிதானமாக, கைவேலையாகத்தான் செய்ய முடியும்.

17-ம் நூற்றாண்டு மேனர் ஹவுஸ் என்றால் அது நிச்சயமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் அந்தப் பட்டியலில் சுமார் 4 லட்சம் பதிவுகள். மிகப் பெரும்பாலானவை கிரேடு 2, அதாவது கடைசிப் படி. மிக உயர்ந்த கிரேடு 1 இரண்டரை சதவீதம், நடுவில் உள்ள, கிரேடு 2 ஸ்டார் ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. எந்த கிரேடு என்பதை அரசின் இணையப் பட்டியலில் இலவசமாகவே பார்க்கலாம், இன்றைக்கே பார்த்துவிடுங்கள். எந்த கிரேடானாலும் உள்ளும் புறமும் முழுக் கட்டடமும் பாதுகாப்புக்குள் வரும். வீட்டு வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன் கட்டிய மதில், தொழுவம் எல்லாம் அநேகமாகச் சேர்த்தி. அனுமதி இல்லாமல் ஒரு பழைய கதவையோ படிக்கட்டையோ மாற்றினால் அது கிரிமினல் குற்றம். விற்பவர் 20 வருஷத்துக்கு முன்னால் அனுமதி வாங்காமல் ஒரு சுவரை இடித்திருந்தால் அதற்காக உங்களைத் தண்டிக்க மாட்டார்கள், ஆனால் பழையபடி கட்டு என்று உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குக் காலக்கெடு கிடையாது. சமையலறையைப் பெரிதாக்கிய மாதிரி தெரிகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கான அனுமதிக் கடிதத்தை வக்கீல் மூலமாகக் கேட்டு வாங்குங்கள்.

கல்யாண மண்டப யோசனை முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். இந்த மாதிரி வீடுகள் பலவற்றை இன்றைக்கு நிற்க வைத்திருப்பதே கல்யாணங்கள்தான். ஆனால் வீட்டை அப்படி மாற்றப் பயன்பாட்டு மாற்ற அனுமதி தனி, கட்டட மாற்றத்துக்கு அனுமதி தனி, அங்கேயே சட்டப்படி திருமணம் நடத்தக் கவுன்சிலின் ஒப்புதல் தனி, மது பரிமாற உரிமம் தனி. இரவு பதினொரு மணிக்கு வண்டிகள் கிளம்பும் சத்தத்துக்கு எதிராகக் கிராமத்தார் எழுதும் கடிதங்களை நான் படித்திருக்கிறேன், இலக்கியத் தரம். 150 பேர் வந்தால் செப்டிக் டேங்க் தாங்குமா என்பதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. பழைய டேங்க் நேராக ஓடையில் விடுவதாக இருந்தால் 2020-லிருந்தே அது விதிமீறல், மாற்றியாக வேண்டும். அனுமதி கிடைக்குமா என்பதை இங்கிருந்து ஊகிக்க முடியாது. வாங்குவதற்கு முன்பே கவுன்சிலில் கட்டணம் கட்டி முன் ஆலோசனை கேட்கும் வசதி இருக்கிறது. களஞ்சியத்தில் நடத்துகிறோம் என்று கேட்டால் வீட்டுக்குள் என்பதைவிட வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

வரியில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டையும் உண்மையாகப் பயிர் நடக்கும் நிலத்தையும் ஒரே கிரயத்தில் வாங்கினால் அது கலப்புச் சொத்து. 40 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 1,89,500 பவுண்டு. குடியிருப்பு மட்டும் என்று எடுத்துக்கொண்டால் அதுவே 3,93,750. அதற்கு மேல், மூவரில் ஒருவருக்கு உலகில் எங்காவது வேறு வீடு இருந்தால் பொதுவாக முழுத் தொகைக்கும் 5 சதவீதம் கூடுதல், ஒருவர் பிரிட்டனில் வசிக்காதவர் என்றால் இன்னும் 2 சதவீதம், மொத்தம் 6,73,750. அண்ணனும் தம்பியும் வெளிநாட்டில் இருப்பதால் இது உங்களுக்கு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ஏஜென்ட்கள் எஸ்டேட்டைக் கூறு போட்டு, வீடும் பத்து ஏக்கர் புல்வெளியும் ஒரு பங்கு, மற்ற நிலம் வேறு பங்கு என்று விற்பார்கள். "நிலம் தலைவலி, வீட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்" என்று நீங்கள் முடிவு செய்தால், அந்தப் பத்து ஏக்கரும் வீட்டைச் சேர்ந்த தோட்டம்தான் என்று வரித்துறை சொல்லும். ஹைமன் வழக்கில் களஞ்சியமும் புல்வெளியும் பொதுக் குதிரைப்பாதையும் இருந்த மூன்றரை ஏக்கர் வீட்டை முழுக்கக் குடியிருப்பு என்றே 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

விவசாய நிலத்துக்கு வாரிசு வரி கிடையாது என்று உங்கள் நண்பர் சொன்னது பழைய கதை. 2024 அக்டோபர் பட்ஜெட்டில் அந்தச் சலுகைக்கு உச்சவரம்பு அறிவித்து, விவசாயிகள் டிராக்டரோடு லண்டனுக்கு வந்து போராடி, பிறகு வரம்பை உயர்த்தினார்கள். 2026 ஏப்ரல் முதல் வரம்புக்கு மேற்பட்ட பகுதிக்குப் பாதிச் சலுகைதான். நிலம் எப்படியோ போகட்டும், வீட்டுக்கு அந்தச் சலுகை கிடைப்பது இன்னும் சிரமம். வூஸ்டர்ஷயரில் குக்ஹில் பிரயரி என்ற பழைய வீடு பற்றிய வழக்கில், அங்கேயே இருந்து தானே பயிர் செய்த அம்மையாரின் வீடு பண்ணை வீடுதான் என்று 2002-ல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 2005-ல் அதன் விவசாய மதிப்பைச் சந்தை விலையில் முப்பது சதவீதம் குறைத்தே எடுத்துக்கொண்டார்கள். நிலத்தைக் கான்ட்ராக்டரிடம் விட்டு, வீட்டில் கல்யாணம் நடத்தும் மூன்று சகோதரர்கள் அந்த அளவுக்குக்கூட நெருங்குவது கடினம்.

சில்லறை வில்லங்கங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வயல் நடுவே பொது நடைபாதை போகிறதா என்று கவுன்சிலின் வரைபடத்தில் பாருங்கள். இருந்தால் அதை உங்கள் இஷ்டத்துக்கு மூட முடியாது. நிலத்தில் பின்னால் வீடு கட்ட அனுமதி கிடைத்தால் உயரும் மதிப்பில் இத்தனை பங்கு எனக்கு என்று விற்பவர் நிபந்தனை போடுவது வழக்கம். வேட்டை உரிமையையும் அடிநிலக் கனிம உரிமையையும் தனியாக வைத்துக்கொள்வார்கள். சிறு வீடுகளில் இருப்பது பழைய பண்ணைத் தொழிலாளி என்றால் பண்ணைக் குடியிருப்பு வாடகை பற்றிய 1976 சட்டத்தின் பாதுகாப்பு இருக்கக்கூடும், எளிதில் காலி செய்ய வைக்க முடியாது. தோட்டக்காரரும் வேலையாட்களும், தொழில் தொடர்ந்து நடக்கும் பட்சத்தில், அதே சம்பளத்தோடு உங்களிடம் வந்துசேர்வார்கள். தலைமுறைகளாகக் கைமாறாத எஸ்டேட் என்றால் நிலப் பதிவேட்டில் ஏறாமல் பத்திரக் கட்டாகவே கிடக்கலாம், அதைப் படிக்க வக்கீலுக்கு நேரம் பிடிக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். சில நிலங்களின் சொந்தக்காரர்கள் ஊர்த் தேவாலயத்தின் கருவறைப் பகுதியைப் பழுதுபார்க்கக் கடமைப்பட்டவர்கள். வார்விக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில் ஒரு பண்ணையைப் பெற்ற தம்பதியிடம் தேவாலயம் பணம் கேட்டு, வழக்கு 2003-ல் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போய், கடைசியில் 1,80,000 பவுண்டுக்கு மேல் அவர்கள் தலையில் விழுந்தது. வழக்குச் செலவு தனி. 2013 அக்டோபருக்குப் பிறகு, பதிவேட்டில் குறிக்காத இந்தக் கடமை, பதிவான நிலத்தை விலை கொடுத்து வாங்குபவரைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. உங்கள் எஸ்டேட் பதிவாகாததாக இருந்தால் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கென்று உள்ள காப்பீடும் மலிவுதான். "மேனரின் பிரபு" என்ற பட்டத்தையும் சேர்த்துத் தருகிறோம், அதற்குத் தனி விலை என்று சொன்னால் சிரித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பிரபுத்துவப் பட்டம் கிடையாது, வீட்டோடு ஒட்டியதும் இல்லை.

பணம் எப்படி வரும் என்பதையும் பேசிவிடுங்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் நம் ஊரில் விளைநிலம் வாங்க முடியாது, ஆனால் இங்கே யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த வகையில் தடை இல்லை. தம்பி இந்தியாவிலிருந்து அனுப்ப ஒரு நிதியாண்டுக்குத் தலைக்கு 2,50,000 டாலர்தான் வரம்பு. மனைவி பெயரிலும் சேர்த்து அனுப்பினாலும் அவருடைய மூன்றில் ஒரு பங்குக்கு நான்கு நிதியாண்டு ஆகும். சொத்து வாங்கினால் இங்கே குடியேறலாம் என்று அவர் நினைத்திருந்தால் அதுவும் இல்லை. முதலீட்டாளர் விசாவையே 2022 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள்.

இங்கே ஒப்பந்தப் பத்திரங்கள் கைமாறும் வரை இரு தரப்பும் பின்வாங்கலாம், அதனால் அதற்கு முன் ஆகும் செலவுகளை ஒழுங்காக வரிசைப்படுத்துங்கள். முதலில் குத்தகைப் பத்திரங்களை மட்டும் வாங்கி, விவசாயச் சொத்தில் பழகிய வக்கீலிடம் கொடுங்கள். இது சில நூறு பவுண்டு, அதிகம் போனால் ஆயிரத்துச் சொச்சம். அது தேறினால், முழு ஆய்வுக்கு முன் அரை நாள் ஏணியும் டிரோனும் வைத்துக் கூரையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள். இரண்டும் தேறிய பிறகுதான் முழுக் கட்டட ஆய்வு, வரி ஆலோசனை, கவுன்சிலின் முன் ஆலோசனை. குத்தகையில் 1995 செப்டம்பருக்கு முந்தைய தேதி இருந்தால் விவசாயத் திட்டத்தைக் கைவிட்டு, வாடகை வரும் நிலமாக மட்டும் கணக்குப் போட்டு விலை பேசுங்கள். கூரைக்கு மேலே போய்ப் பார்க்க விற்பவர் அனுமதிக்கவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள்.